மலைக்குப் பின்னால் விட்டுப்போனவள்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் பெண்களை அவ்வப்போது வேன் பிடித்துத் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போவது எங்கள் எதிர்வீட்டு அக்காதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முதல்முறையாக நானும் போனேன்.

விடிந்ததும் கிரிவலம் தொடங்கினோம். அடிஅண்ணாமலை தாண்டியதும் பின்தங்கிவிட்டேன். கால்வலி இல்லை. ஊருக்குள்ளிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரிந்த மலை, அந்தப் பக்கம் அகலமாக விரிந்து வேறொரு மலையாக நின்றது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

வேன் நிறுத்திய இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேன் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“செஞ்சி தாண்டிட்டோம்மா. எவ்ளோ நேரம் வெயிட் பண்றது? கிளாம்பாக்கம் பஸ் நிறைய இருக்கு, ஏறி வந்துடுங்க.”

அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். “இதுக்குத்தான் வயசானவங்கள நான் சேக்கறதே இல்ல” என்றதும், மற்றவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டது. என்னைவிட அவள் இரண்டு வயது மூத்தவள்.

பஸ் ஏறவில்லை. அறை எடுத்துத் தங்கி, மறுநாள் மறுபடி நடந்தேன். பக்தி என்று சொன்னால் பொய். சாலையை விட்டு விலகும் சந்துகளில் எல்லாம் நுழைந்தேன். ஒன்று வேர்க்கடலைக் கொல்லையில் முடிந்தது, மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்னொன்று ஒரு ஏரிக்கு இட்டுச்சென்றது. மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. எங்கே நல்ல நிழல், எந்தக் கடையில் இட்லி சூடாக இருக்கும், எங்கே கழிப்பறை சுத்தம் என்று எல்லாம் பார்த்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும், ‘இது அவளுக்குத் தெரியாது’ என்று மனசு கருவிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் நடைக்கு வரும் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் படங்களைக் காட்டினேன். அடுத்த பயணத்துக்கு நானே பெருங்களத்தூரில் வேன் பேசினேன். அன்று சிரித்தவர்கள் உட்பட எல்லோரும் என்னோடு கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எதிர்வீட்டு அக்கா என் வீட்டு கேட்டுக்கு வந்தாள்.

“எனக்கும் ஒரு சீட் போட்டுக்கோங்க. வேன்ல இடம் இருக்குன்னாங்களே?”

“இருக்குக்கா. உங்களுக்கு இல்ல.”

அவள் முகம் சுருங்கியதை நின்று நிதானமாகப் பார்த்தேன்.

மறுநாள், மலை தலைகீழாகத் தெரிந்த அந்த ஏரிக்கரையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். “பாவம், அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்” என்றாள் ஒருத்தி. கேட்காததுபோல் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் புளிசாதம் வைத்தேன். எனக்கு அன்று நல்ல பசி.