ஜெபக்காவின் மூடிய கண்கள்

அந்தச் சலவைக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஜெபக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். கணவனை இழந்தவள். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு வந்த வெறுமையை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அவள் யாருக்கும் வேத வசனம் சொன்னதில்லை, யாரையும் கோயிலுக்கு வா என்று இழுத்ததும் இல்லை. ஒரு துணியைக் கையில் எடுத்தால், அதை உடுத்தப் போகிறவருக்காக ஒரு நொடி கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள், அவ்வளவுதான். முகம் தெரியாத எத்தனையோ பேர் அவளுடைய ஜெபத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடமாடினார்கள்.

பக்கத்து மேசைக்காரிக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம். ஒரு வக்கீலின் சட்டைக் காலரைப் பொசுக்கி, "இன்னொரு தடவை நடந்தா வீட்டோட இருந்துக்கோ" என்று முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவுக்கு அவள் ஒருத்திதான் கதி.

"என் துணிக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்கக்கா. என் கை பட்டாலே அதுக்கு ஆபத்து" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

அன்று காலை பட்டாசு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். இருவரும் எடுக்கும் பொதுக் குவியலிலிருந்து ஜெபக்காவின் கைக்கு வந்தது ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டு. பாதி தேய்த்திருக்கும்போது மகளின் நினைவு வந்துவிட்டது. புருஷன் வீட்டில் அவள் சிந்தும் கண்ணீர் நினைவுக்கு வந்தது. 'இந்தப் பிள்ளையாவது பெண்டாட்டியை அழவைக்காமல் இருக்கட்டும், ஆண்டவரே.' கண்கள் தாமாக மூடின. ஜெபம் நீண்டது. நிமிர்த்தி வைக்க மறந்த பெட்டி, கோட்டின் மேலேயே கிடந்தது.

பொசுங்கும் வாடை வந்த பிறகே கண் திறந்தாள்.

வெள்ளை மார்பில் பழுப்பாய் ஒரு தழும்பு. பொசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி கோட்டைக் கம்பியில் மாட்டினாள். என்னவென்று சொல்வது? ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்றா? கேட்டவர்கள் சிரிக்க மாட்டார்களா? ஆண்டவர் பெயருக்கல்லவா இழுக்கு? தன் பயத்துக்கு இப்படியொரு வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

மத்தியானம் முதலாளியம்மா கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேரே பட்டாசிடம்தான் போனாள்.

"மறுபடியும் உன் வேலையைக் காட்டிட்டியா?"

"சத்தியமா நான் இல்லம்மா. இந்தக் கோட்டை நான் தொட்டதாவே ஞாபகம் இல்ல."

"காலரைப் பொசுக்கினப்பவும் இதையேதான் சொன்ன."

"அப்ப ஜெபக்காகிட்ட கேளுங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

இரண்டு முகங்கள் ஜெபக்காவின் பக்கம் திரும்பின.

"நான் பார்க்கலம்மா" என்றாள் அவள்.

கண்தான் மூடியிருந்ததே, பார்க்கவில்லை என்பது எப்படிப் பொய்யாகும் என்று உள்ளே ஒரு குரல் வாதாடியது. அந்தக் குரலைக் கேட்கவே அவளுக்குக் கூசியது.

பட்டாசின் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்தது. "அக்காவே பார்க்கலைன்னா... நான்தான் ஏதோ நினைப்புல செஞ்சிருப்பேன் போல" என்றாள். முதலாளியம்மா வாசலைக் காட்டினாள். பட்டாசு வேலைக்குப் போடும் மேலங்கியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "அப்பாவுக்காக வேண்டிக்கோங்கக்கா. உங்க ஜெபம்னா கேட்கும்."

ஜெபக்காவின் நல்ல பெயர்தான், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒருத்தியை நம்ப வைத்திருந்தது.

கசங்கிய மேலங்கியைப் பழக்கதோஷத்தில் மேசைமேல் விரித்தாள். உடுத்துகிறவளுக்காக வேண்ட வேண்டும். கண்ணை மூடினாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. வாசலில் திரும்பிய அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இத்தனை காலத்தில் ஒரு துணியின் முன்னால் அவள் ஊமையானது அன்றுதான்.

மேலங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்கடைக்கு ஓடினாள். அங்கே வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் துணிச்சலும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, கோட்டைப் பொசுக்கினது நான். கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன். பெட்டி மேலயே இருந்துடுச்சு. தெரிஞ்சும் அவளைப் போகவிட்டேன்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எதற்குப் பயந்தாளோ அதே சிரிப்பு. அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "உங்களை நம்பி அந்தப் பொண்ணை அனுப்பிட்டேனேக்கா" என்றாள். "போய்க் கூட்டிட்டு வாங்க. என்ன நடந்துதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

பேருந்து நிறுத்தத்தில், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பட்டாசு தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"என் கையையே நான் சந்தேகப்பட வச்சிட்டீங்களேக்கா."

"மன்னிச்சிடும்மா."

"நாளைக்கு வரேன். இன்னைக்கு உங்க பக்கத்து மேசையில என்னால நிக்க முடியாது."

மேலங்கியை வாங்கிக்கொண்டு அவள் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபக்கா அங்கேயே நின்றாள். உதடுகள் அவளுக்காக அசைந்தன. கண்களை மட்டும் மூடவில்லை. பேருந்து தெருமுனையில் மறையும் வரை, அந்தத் திரும்பாத முகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டினாள்.