பந்தியில் சொன்ன பதில்

மூன்றாம் மாதத்தில் கரு கலைந்த பிறகு எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. தள்ளிப்போகும்போதெல்லாம் ஆசைப்படுவேன். பிறகு குளியலறையில் அழுவேன்.

நாகர்கோவிலில் நாத்தனாரின் கல்யாணப் பந்தி. எதிரே இருந்த சொந்தக்கார அக்கா சத்தமாகவே கேட்டாள், "என்ன மக்கா, விசேஷம் உண்டா?"

வழக்கமாகச் சிரித்து மழுப்புவேன். அன்று முடியவில்லை.

"இல்லக்கா. கரு கலைஞ்சதுல இருந்து பீரியட்ஸ் சரியா வரல்ல. டாக்டர்ட்ட பாத்துட்டு இருக்கேன்."

மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். பக்கத்தில் இருந்த அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"எனக்கும் ரெண்டு தடவ கலைஞ்சிருக்கு மக்களே. இதுவரை யாருட்டயும் சொன்னதில்ல."

அடுத்த முறை டாக்டரிடம் அவரும் கூட வந்தார். மாதவிலக்கு இன்னும் சீராகவில்லை. ஆனால் அன்று வாய் திறந்ததில் எனக்குப் பெருமைதான்.