பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே, கார் ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்காக ஒருவர் தன் சொந்த நிலத்தில் வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை போட்டு வைத்திருக்கிறார். எதிரே பஸ் வராது, குறுக்கே ஆடு மாடு வராது. அவரவர் வண்டியைக் கொண்டுவந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆசை தீர வேகமாக ஓட்டிவிட்டுப் போகலாம். பந்தயமெல்லாம் கிடையாது. 'ட்ராக் டே' என்று சொல்வார்கள்.

என் கணவருக்கு அதில் அப்படி ஒரு பைத்தியம். கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர், வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அந்தப் பழைய காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறு மனிதர். நான் அதுவரை ஒரு முறைகூட உடன் போனதில்லை. இந்தத் தடவை பக்கத்தில்தானே, வாயேன் என்று அவரே கூப்பிட்டார். புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதுரைக்குள்ளேயே, பழங்காநத்தம் தாண்டுவதற்கு முன்பே அந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் காலுக்குக் கீழே, இடது முன்சக்கரத்துப் பக்கம், லொடக்கென்று ஒரு சத்தம். கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல. சஸ்பென்ஷன்ல கீழ ஒரு ஜாயிண்ட் இருக்கு, கொஞ்சம் தேஞ்சிருக்கு. வலது பக்கம் மாத்திட்டேன். இந்தப் பக்கத்துக்கும் சாமான் சொல்லி வச்சிருக்கேன், அடுத்த வாரம் வந்துரும்."

"அப்ப அது வந்தப்புறம் போனா என்ன?"

"இன்னிக்கு ஒருநா தாங்கும். நீ சும்மா வா."

சும்மா வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு வழியில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற மூட்டு அது என்று, போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

அங்கே போனதும் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்தார்கள். பிரேக் பார்த்தார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், சக்கரத்து நட்டுகளை முடுக்கினார்கள். யாராவது அந்தச் சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்க மாட்டார்களா என்று நான் பக்கத்திலேயே நின்றேன். ஆட்டவில்லை. பாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவரை எப்படிக் காட்டிக் கொடுப்பது என்று தயங்கினேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தியிருந்தார். சிம்மக்கல்லில் பாத்திரக் கடை, வீடு கோரிப்பாளையம். என் கணவருக்கு இந்த ட்ராக் பழக்கத்தில் தெரிந்தவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வெயிலில் நிற்கிறேனே என்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, "என்ன தங்கச்சி, முகமே சரியில்லையே?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு அண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு" என்றேன்.

அவர் போய்ப் பேசினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சிரித்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பயந்தாங்கொள்ளி பாய் அவ. சந்தேகமா இருந்தா நீங்களே ஏறி வாங்க. ஒரு சுத்து மெதுவா போவோம், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

பாய் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

நான் கேட்டது இது இல்லை. நிறுத்தச் சொல்லத்தான் கேட்டேன். வேண்டாம் அண்ணே, இறங்குங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாய் ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டினார்.

முதல் சுற்று மெதுவாகத்தான் போனார்கள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் எதிரே வந்து கடந்து போனார்கள். இத்தோடு உள்ளே வந்துவிடுவார்கள் என்று பார்த்தால், வரவில்லை. இரண்டாவது சுற்று. இஞ்சின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, மனிதர் தன்னை மறந்துவிட்டார் என்று. தூரத்தில் ஒரு வலது வளைவு. அதை மறைத்துக்கொண்டு வேலிக்கருவை மரங்கள் வரிசையாக நிற்கும். வண்டி அதற்குப் பின்னால் மறைந்தது. மறுபக்கம் வர வேண்டும். வரவில்லை. டயர் கிறீச்சிடுகிற சத்தம், பிறகு பொத்தென்று ஒரு சத்தம். மரங்களுக்கு மேலே டயர் கருகிய புகை எழும்பியது.

யாரோ சிவப்புக் கொடியை ஆட்டினார்கள். நான் வேலியைச் சுற்றிக் காட்டுக்குள் ஓடினேன். முதல் நாள் பெய்த மழையில் கரிசல் மண் அப்பிக்கொண்டு காலை எடுக்க விடவில்லை. யாருக்கு என்ன ஆகியிருந்தாலும் அது நான் செய்ததுதான் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

என் கணவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. இடது முன்சக்கரம் வண்டியை விட்டு வெளியே மடங்கிக் கிடந்தது. அந்தப் பக்கமாகவே வண்டி சறுக்கிப்போய் ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் மோதியிருந்தது. பாய் இருந்த பக்கத்துக் கதவு உள்வாங்கியிருந்தது. கதவைத் திறக்க முடியாமல் டிரைவர் பக்கமாக அவரை மெல்ல வெளியே எடுத்தார்கள். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல தங்கச்சி. தோள்பட்டைதான். அழாதீக" என்றார். மூச்சை இழுக்க முடியாமல் இழுத்து இழுத்துப் பேசினார்.

தயாராக நின்ற ஆம்புலன்ஸில் நான்தான் அவரோடு ஏறினேன். வீட்டுக்குச் சொல்லச் சொன்னார். "பதறாம சொல்லுங்க, அவளுக்குப் படபடப்பு வரும்" என்று நம்பரைச் சொன்னார். நான் பேசியதைக் கேட்ட அவர் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்க யாரு?"

காலையில்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். அவருக்கு நான் யார்? "கூட வந்தவங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் தோளுக்கு முன்னால் இருக்கிற காறையெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். விலா எலும்பும் விரிசல் விட்டிருக்கிறது, உள்ளே நுரையீரலில் குத்தியிருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும் என்று உள்ளே கொண்டு போனார்கள். வராந்தாவில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அந்த வளைவுக்கு முன்னாடியே பாய் கத்துனாரு. சத்தம் மாறுது தம்பி, காலை எடுங்கன்னாரு. அவரு சொல்லித்தான் பிரேக்கை மிதிச்சேன். இல்லைன்னா டயரைத் தாண்டி வேலிக் கல்லுக்கால்ல போய்ச் சொருகியிருக்கும்." என் பக்கம் திரும்பினார். "காலையில உனக்குக் கேட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சு."

திட்டுவதற்கு எனக்கு அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை.

பாயின் மனைவி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எழுந்து அவர் எதிரே போய் நின்றேன். மறைத்து வைக்க முடியவில்லை. "அக்கா, நான்தான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். எங்க வண்டியில சத்தம் வருதுன்னு. நான் சொல்லலைன்னா அவரு அதுல ஏறியிருக்க மாட்டாரு" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இப்ப எனக்குக் கோவமா இருக்கு. என்ன பேசுவேன்னு எனக்கே தெரியல. அவருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்" என்றார். எதிர்ப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

ஸ்கேன் அறைக் கதவு திறக்கும் வரை நான் பட்ட பாட்டை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு நர்ஸ் வெளியே வரும்போதும் மூன்று பேரும் எழுந்து நின்றோம், மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடைசியில் டாக்டர் வந்து, உள்ளே ரத்தக்கசிவு எதுவும் இல்லை, காறையெலும்புக்கு மட்டும் பிளேட் வைத்தால் போதும் என்று சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். பாயின் மனைவி எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, "குடிங்க மொதல்ல" என்றார். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் பாயைப் போய்ப் பார்த்தோம். எதுக்கு அண்ணே ஏறுனீங்க என்று கேட்டுவிட்டேன். "வெளிய நின்னு சொன்னா உங்க வீட்டுக்காரரு கேக்க மாட்டாருன்னு தோணுச்சு. உள்ள உக்காந்து சொன்னா கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டாருல்ல?" என்றார். என் கணவர் சட்டென்று வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

பாய் இப்போது நன்றாக இருக்கிறார். மறுபடி கார் ஓட்டுகிறார், குளிர்காலத்தில் தோள் கொஞ்சம் கடுக்கிறது என்கிறார். என் கணவர் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டார். ட்ராக் டேக்கு இப்போதும் போகிறார், ஓட்டுவதற்கு இல்லை. காலையில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பார்க்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்றும் மனதில் ஏதாவது ஒரு பயம் எழுந்தால், எதிரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் சரி, நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் சரி, சொல்ல வேண்டியவரிடம் நானே நேராகச் சொல்லிவிடுகிறேன். என் பயத்தை எனக்காக இன்னொருவர் தோளில் தாங்கியதை ஒரு முறை பார்த்துவிட்டேன், இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.