வாரேன் என்று சொன்னவர்கள்

மலையடிவாரத்து நல்லதண்ணித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு, ஆசைக்கு மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கொழுந்துக்கூடையோடு நாங்கள் தினமும் ஏறுவது வேலை. அதே மேட்டில் பையை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவதற்கு வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வருகிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும். காரணம் அப்பா.

யாத்திரை சீசன் மாதங்களில் சிவனொளிபாதமலைப் படிகளில் இருந்த தேத்தண்ணிக் கடைகளுக்கு அப்பா சாமான் சுமந்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி. சீசன் முடிந்து, ஒரு கடையின் தகரங்களைக் கழற்றி இறக்கப் போனார். வாசலில் நின்று "வாரேன்" என்றார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கால் வெளியே வைக்க மாட்டார்கள். அன்றைக்குப் பேய்மழை. ஆற்றோரம் வரைக்கும் தேடினார்கள். தகரம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

அம்மா தாலியைக் கழற்றவில்லை. "வாரேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு" என்பாள். பெரியப்பா காரியம் செய்யலாம் என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவே விடமாட்டாள். மூடுபனி இறங்கிய பிறகு வெளியே கால் சத்தம் கேட்டால் எங்கள் பேச்சு நின்றுவிடும். அவளுக்கு ஆசை. எனக்குப் பயம், வருகிறவர் எந்தக் கோலத்தில் வருவாரோ என்று.

நான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த வருஷம், சீசன் இல்லாத ஒரு மழை நாள். வேலை விட்டு வந்து இரண்டு பேரும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் ஓர் ஆம்பிளைக் குரல்.

"வாரேன்."

நான் சுவரோரம் நகர்ந்துவிட்டேன். அம்மா "வந்துட்டீங்களா" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒரு வெள்ளைக்காரர் நின்றார். மலையிலிருந்து இறங்கியவர். ஹட்டன் பஸ்ஸில் இறங்குகிற சனமெல்லாம் சொல்வதைக் கேட்டு, அதுதான் எங்கள் ஊர் வணக்கம் என்று நினைத்துவிட்டாராம். கையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் விளக்கினார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அம்மா துண்டு கொடுத்தாள். அப்பாவின் கோப்பையில் பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் அவர் எழுந்து கைகூப்பி, மறுபடியும் "வாரேன்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. "போறேன்னு சொல்லுங்க."

அவருக்கு என்ன தெரியும்? புதுச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் "போறேன்" என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு, "சரி, போங்க" என்றாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். "நாளைக்குப் பெரியப்பாவ வரச் சொல்லு, காரியத்துக்கு நாள் பார்க்கணும்" என்றாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் நான் சத்தமில்லாமல் போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டேன்.