மாலைக்குப் பின்னால் இருந்த காகிதம்

பிள்ளைகளா, தீபாவளிக்குத் தீபாவளி வந்து உங்களை ஆளுக்கொரு தோளில் உட்காரவைத்துக்கொண்டு நம் சாரம் தெருக்கள் முழுக்கச் சுற்றிவருகிறாரே உங்கள் மாமா, அவர் இன்றைக்கு நம்மோடு இருப்பது ஒரு காகிதத்தால்தான். சிரிக்காதீர்கள். நானே அதை நம்ப வெகுநாள் ஆயிற்று.

நானும் அவரும் சேதராப்பட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து புது மெஷின் வந்தது. கப்பலில் சென்னைவரை, அப்புறம் லாரியில். கண்டெய்னர் என்கிற பெரிய இரும்புப் பெட்டிக்குள், மரச்சட்டம் அடித்து, கதவுக்கு முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

புது மெஷினைப் பூஜை போடாமல் இறக்குவோமா? எங்கள் மேஸ்திரி பூசணிக்காய், கற்பூரம், சாமந்தி மாலை எல்லாம் தயாராக வைத்திருந்தார். கதவுக்கு முன்னால் போய் நின்றால், அங்கே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு மண்டை ஓடு. கீழே ஏதோ எழுத்து. தமிழ் இல்லை.

"மேஸ்திரிண்ணே, உங்க போட்டோவ எதுக்கு அங்கேருந்து ஒட்டி அனுப்பிக்கிறாங்க?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா மண்ட ஓட்டுக்கா கற்பூரம் காட்டறது? மாலைய அது மேல போடுடா, மறையட்டும்."

மாமாவே போட்டார். சாமந்திப் பூ காகிதத்தை அழகாக மூடிக்கொண்டது. பூசணிக்காய் உடைந்தது. முத்திரையை வெட்டி, ஒரு கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இழுத்தார்கள். உள்ளே கட்டியிருந்த கயிறுகளை அறுக்க மாமா கத்தியோடு ஒரு காலைப் பெட்டியின் விளிம்பில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கடலூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் ஹெல்மெட் டீச்சர் என்று பேர் வைத்திருந்தோம். வைத்தது உங்கள் மாமாதான்.

"மரச்சட்டம் அடிச்ச சரக்காச்சே. கதவுல எச்சரிக்கை எதுவும் ஒட்டலியா?"

"இருக்குது டீச்சர். பூவுக்குள்ள ஒளிஞ்சினு கீது," என்றார் மாமா, வைத்த காலை எடுக்காமலே.

அந்தப் பெண் மாலையை ஒதுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பு. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, எல்லாரும் தள்ளிப் போங்க! உள்ள விஷப் புகை."

மேனேஜர் ஓடிவந்தார். காலிப் பெட்டியை மறுநாள் துறைமுகத்தில் திருப்பித் தராவிட்டால் கப்பல் கம்பெனிக்கு வாடகை ஏறும். அவருக்கு அந்தக் கவலை.

"என்னம்மா இது? சுங்கத் தீர்வை கட்டியாச்சு, ஜிஎஸ்டி கட்டியாச்சு, சர்க்காரே வெளிய விட்ட பெட்டி. நீ என்ன நிறுத்தறது?"

"வரி கட்டினது சரக்குக்கு சார். இந்தக் காகிதம் எறக்கற ஆளுக்கு. அளந்து பாக்காம யாராவது ஏறி ஏதாவது ஆச்சுன்னா கேஸ் கம்பெனி மேல வரும். ஏற வேணாம்னு நான் எழுதித்தான் குடுப்பேன்."

என் தங்கை வயதுகூட இருக்காது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு, "சரிம்மா, இருக்கட்டும்," என்று போய்விட்டார்.

அந்தப் பெண் எங்களைத் தூரத்தில் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். மரத்தில் உள்ள பூச்சி கடல் தாண்டி வந்துவிடக் கூடாது என்று, ஏற்றும்போதே பெட்டிக்குள் மருந்துப் புகை விடுவார்களாம். விட்டால் அந்தக் காகிதத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும். எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தாலும், எந்தக் கப்பலில் ஏறினாலும் அதுதான் சட்டமாம்.

சாயங்காலம் முகமூடி போட்ட ஒருவர் வந்து, கையளவு மீட்டரிலிருந்த குழாயைக் கதவு இடுக்கில் விட்டார். மீட்டர் வீல் வீலென்று கத்தியது. மாமா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ராத்திரி முழுக்கக் கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. காலையில் குழாயை விட்டபோது மீட்டர் சும்மா இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏறினோம். மாமா அன்று ஹெல்மெட்டைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் சுண்டல் தின்றுகொண்டே, தூரத்தில் போகும் கப்பலை உங்களுக்குக் காட்டுவேன் இல்லையா? முன்பெல்லாம் அது எனக்கு வெறும் விளக்கு. இப்போது பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஒருவர், சேதராப்பட்டு என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாமல், நம் மாமாவின் மூச்சுக்காக ஒரு காகிதத்தை ஒட்டியிருக்கிறார். இத்தனை பெரிய கடலுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு, கதவைத் திறக்கப்போகிற கூலி ஆளின் ஞாபகம் வந்திருக்கிறது பாருங்கள்.

போன மாதம் எங்கள் சரக்கு ஒரு கண்டெய்னரில் வெளிநாட்டுக்குக் கிளம்பியது. மரப் பலகைமேல் அடுக்கியது, அதனால் புகை விட்டுக் கதவைப் பூட்டி அதே காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். கதவு ஓரத்தில் மேஸ்திரியின் மாலை, இந்தத் தடவை காகிதத்தை மறைக்காமல். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். காலையில் பெய்த தூறலில் காகிதத்தின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நான் பக்கத்தில் போய், சட்டை நுனியால் ஈரத்தை ஒற்றிவிட்டு, அது ஒட்டிக்கொள்ளும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.