துடைத்த பாட்டில்

எண்ணூர் முகத்துவாரத்தில் எங்கள் ஆய்வுக்கு வேண்டியது கலங்கல் தண்ணீர். அதிலுள்ள பாக்டீரியாக்கள் கடலில் கரைந்த கார்பனில் எவ்வளவைத் தின்று காற்றுக்குத் திருப்பி அனுப்பும், எவ்வளவைக் கடலிலேயே தங்கவிடும் என்பதை அவற்றின் மரபணுக்களில் தேடிக்கொண்டிருந்தோம். அன்று எனக்குக் காய்ச்சல். வழக்கமாகப் படகு ஓட்டும் எர்ணாவூர் அண்ணனிடம் பாட்டில்களையும் ஐஸ் பெட்டியையும் கொடுத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தால், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலையிலேயே போய்க் கேட்டேன்.

“நம்ம தண்ணி கலீஜா கீதுப்பா. படிச்சவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? அதான் கடலுக்குள்ள தள்ளிப் போயி சுத்தமா மொண்டாந்தேன்.”

“அந்தக் கலீஜுதாண்ணே வேணும்!” என்று கத்தித் தீர்த்தேன். அவர் உடனே படகை எடுத்துப் போய்க் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்தார். மனசு கேட்காமல், பாட்டிலின் வெளிப்புறத்தை மட்டும் தன் துண்டால் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு எல்லா முறையும் அப்படித்தான்.

இப்போது நான் கடலுக்குப் போவதில்லை. வேறு யாரோ நிரப்பி அனுப்பும் பாட்டில்கள் கூரியரில் வருகின்றன, சரியான கலங்கல் தண்ணீரோடு. வெளியே ஒட்டிக் காய்ந்த சேற்றை நான்தான் துடைக்கிறேன்.