பச்சைத் தண்ணீரில் ஆறு ஆமை

அன்று எங்கள் கொல்லைத் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள்: நான். என் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள். வத்தலக்குண்டிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட வந்த அவள் மாமியார். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனன்.

தண்ணீருக்குள் ஆமைகள். இப்போது எத்தனை மிச்சம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் கீரையை அரைத்துக் கரைத்தது போல இருந்தது.

"பிள்ள பெறக்கப்போற வீட்டுல இந்தச் சாக்கடையா, அண்ணே? மண்ணப் போட்டு மூடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

"ஆறு ஆம கெடக்கு அத்தை" என்றாள் மகள்.

"கெடக்கா? எங்க, ஒண்ணக் காட்டு பாப்பம்."

காட்ட முடியவில்லை. கண்மாய் வற்றியபோது சேற்றிலிருந்து அவள் பள்ளிக்கூடப் பையில் போட்டு எடுத்துவந்தவை. அவள் கண் கலங்கியது.

"ரெண்டு ஞாயிறு விட்டு வாரேன். தண்ணி தெளிஞ்சு ஆறும் என் கண்ணுல படணும். இல்லாட்டி மருமகள எங்க ஊருக்கே கூட்டிட்டுப் போறேன். பிரசவம் அங்கன நடக்கட்டும்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்காவிட்டால் என் மனைவி தெருவில் தலைகாட்ட மாட்டாள். மகளுக்கோ, எங்களை விட்டுப் போகவும் மனமில்லை, தொட்டியை விடவும் மனமில்லை.

மைத்துனன் மறுநாளே ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"கொடிக்கு அடிக்கிற மயில்துத்தம், மச்சான். ஒரு பிடி போட்டா பாசி செத்துரும்."

"ஆமை?"

"அதுதான் ஓடு போட்டிருக்குல்ல."

"ஓட்டுக்குள்ள சதைதான்டா இருக்கு. எடுத்துட்டுப் போ."

தண்ணீரை மாற்றிவிடலாம் என்றால் தண்ணீர் ஏது? தெருக்குழாயில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. கிணற்றில் வாளி தரையில் தட்டியது.

எனக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. கை ஓடவில்லை. சாவியை அராவும்போது பல் ஆழமாக விழுந்துவிட்டது. அதைத் தூரப் போட்டேன். மதியம் சோற்றுக்கு என்று கிளம்பி வந்து, சோறு தின்னாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலையில் வெயில் சுட்டது. அப்போதுதான் உறைத்தது. முன்பு அங்கே நின்றால் சுடாது. முருங்கை மரம் இருந்தது. மகள் பிரசவத்துக்கென்று ஓர் அறை இழுத்துக் கட்டியபோது அதை வெட்டினோம். அதற்குப் பிறகுதான் தண்ணீர் பச்சையானது.

தொட்டியின் முக்கால் பங்குக்குத் தென்னங்கிடுகு போட்டு மூடினேன். மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டுவதை நிறுத்தும்படி மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க மூணு வேள திங்கிறீங்க. அதுக பட்டினி கெடக்கணுமாக்கும்?"

"சோறு அழுகித்தான் பாசி ஏறுது. கீரைத்தண்டு போடு. தின்னு மிஞ்சுனா எடுத்துரு."

கையெட்டும் மட்டும் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கழன்ற பாசியை வேட்டித் துணியில் வடித்தெடுத்தேன். ஆமைகள் பதுங்க மூலையில் நான் வைத்திருந்த கல் அடுக்குக்குள் கை விடப் போனபோது மகள் தடுத்தாள்.

"கலக்காதீங்கப்பா. தெளியட்டும்."

தெளியவில்லை. காலையில் கிடுகைத் தூக்கிப் பார்ப்பேன். பச்சை. பட்டறைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்து பார்ப்பேன். பச்சை. "தூக்கித் தூக்கிப் பாத்தா அதுக்கும் வெயில் படும்ல" என்று மனைவி ஏசினாள். குழாயில் தண்ணீர் வந்த அன்று, குடிக்கப் பிடித்ததில் இரண்டு குடத்தை அவளே தொட்டியில் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. பிறகு அடித்தரை தெரிந்தது.

சொன்ன ஞாயிறு சம்பந்தியம்மா பையும் கையுமாக வந்தார். நேரே தொட்டிக்குத்தான் போனார். கிடுகை எடுத்தேன். மகள் கீரைத்தண்டை உள்ளே போட்டாள். தலைகள் நீண்டன.

"ஒண்ணு. ரெண்டு. அந்தா மூணு." விரல் விட்டு எண்ணினார். ஐந்தில் விரல் நின்றது.

மனைவி கொண்டுவந்த காப்பி ஆறியது.

"செத்த இருங்க அத்தை. வரும்" என்றாள் மகள். இன்னொரு கீரைத்தண்டை உள்ளே போட்டாள்.

சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு மூலையைக் காட்டினார்.

"அந்தா, ஆறு. ஓட்ட வெளிய நீட்டிக்கிட்டுக் கெடக்கு பாரு."

அவர் காட்டியது கல். நான் வைத்த கருங்கல்.

பையைக் கொண்டுபோய்ப் புது அறையில் வைத்தார். "சோத்துக்கு என்ன வெஞ்சனம் இன்னைக்கு?" என்று கேட்டபடி அடுப்படிக்குப் போனார். மகள் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள்.

கிடுகை மூடுமுன் கல் அடுக்கை ஒவ்வொன்றாக நகர்த்தித் தேடினேன். மறுபடி எண்ணினேன்.

ஐந்து.